நிலாவில் இறங்கியது திங்கட்கிழமை

நூலகத்து வாசலில் இருந்த கரும்பலகையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு திரையை மாட்டியிருக்கிறார்கள். காலையில் சுவிட்சைப் போட்டால் ‘வரலாற்றில் இன்று’ தானாக ஓடுகிறது. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. கை வலிக்காது, சோக்குத் தூள் மூக்கில் ஏறாது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அங்கிள், நீங்கதானே முந்தி இத கையால எழுதினீங்க? தெனமும் எழுதினா பெழ வந்திருக்குமே?”

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு நேரில் பேச வராது. வீட்டுக்கு வந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் பதில் வரும். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிழை வந்தது. சின்னப் பிழைகள் எத்தனையோ. பெரிய பிழை ஒன்றே ஒன்று. அதைச் சொல்வதற்கு முன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். மாத்தளை மாவட்டத்தில், நாலந்தா பக்கம் போகிற பஸ் நின்று போகும் ஒரு சிறிய நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்திரண்டு வயதில் அந்த நூலகத்துக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கப் போனேன். மீதமிருந்த பெயின்டில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். எழுத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே தொழிலாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். சிங்கள எழுத்தை ஆறு மாதம் படம் வரைவதுபோல வரைந்து பழகினேன். வாசிக்க வந்தது அதற்குப் பிறகுதான். பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

என்னைச் சேர்த்துக்கொண்டவர் நூலகர் ஜெஸீமா மிஸ். மாத்தளை டவுனில் பழைய வியாபாரக் குடும்பம். அவருடைய வாப்பா மிளகும் கராம்பும் நிறுத்த தராசு இன்னும் வீட்டில் இருக்கிறது என்பார். மகள் தராசு இல்லாமலேயே எல்லாவற்றையும் நிறுப்பார். காலை எட்டு இருபத்தைந்துக்குக் குடையோடு வருவார். வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பலகையைத் தலையைச் சாய்த்து வாசிப்பார். பிழை இருந்தால் வாயைத் திறக்க மாட்டார். பிழையான எழுத்துக்கு நேர் கீழே குடை நுனியால் ஒரு தட்டு. பிறகு உள்ளே போய்விடுவார். முதல் வருஷம் பலகையின் அடிச்சட்டம் முழுக்கக் குழி விழுந்தது.

பலகை எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. வேலை முடிந்து போகும்போது நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து விடுவேன். ஈரம் சொட்டினால் மறுநாள் வெள்ளையாகப் பூத்துவிடும். காலை ஏழரைக்கு நூலில் சோக்கைத் தேய்த்து, இரண்டு பக்கமும் ஆணியில் கட்டிச் சுண்டினால் நேர்கோடு விழும். சோக்கைச் சீனித் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சாய்ந்தாலும் எழுத்து அழியாது. எறும்பு வரும். அது வேறு கதை. இடது பக்கம் சிங்களம், வலது பக்கம் தமிழ். மேலே தேதி. கீழே மூன்று வரி: உலகம், நாடு, நம் ஊர். மூன்றும் அதே தேதியில் நடந்ததாக இருக்க வேண்டும், வருஷம் எதுவானாலும்.

அதற்காக மிஸ் வருஷத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். பெப்ரவரி இருபத்தொன்பதுக்கும் ஓர் அட்டை உண்டு. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வருவதால் அன்றைக்கு மட்டும் ஓரத்தில் பூ வரைய எனக்கு அனுமதி.

அட்டையில் ஒரு வரி ஏற வேண்டுமானால் இரண்டு சாட்சி வேண்டும் என்பது மிஸ்ஸின் சட்டம். ஒரு புத்தகம் சொன்னால் போதாது, இரண்டு சொல்ல வேண்டும். ‘நம் ஊர்’ வரிக்கும் அதே சட்டம்தான். அந்த வரி அநேகமாக வெறுமையாகவே கிடக்கும். பஸ் நிலையத்துக்கு எதிரே பாண் சுடும் பேக்கரி வைத்திருந்த முதலாளிக்கு அதைப் பார்த்து ஆசை வந்தது. ஒருநாள் மனைவியோடு வந்து நின்றார்.

“கட தெறந்த நாள போடணும் மிஸ். இந்தா, என் வீட்டுக்காரி சாட்சி. அன்னைக்கு மொத பாண வெட்டினது இவதான்.”

“ஒங்கட மனைவி சொன்னா நான் நம்புறேன் முதலாளி. ஆனா ரெண்டு பேரும் ஒரே வீடு. சாட்சி ஒண்ணுதான்.”

“அப்ப பக்கத்துக் கடைக்காரன கூட்டிக்கிட்டு வரவா?”

“வாங்க.”

“அவன் எனக்கு எதிரி மிஸ்.”

“அதான் நல்ல சாட்சி.”

எதிரி வந்தார். தேதி சரிதான் என்றார். அன்றைக்கு மழை, ஒரு ஆளும் பாண் வாங்க வரவில்லை என்பதையும் கேட்காமலே சொன்னார். மறு வருஷம் அந்த நாளில் பேக்கரி பலகையில் ஏறியது. மழையை மிஸ் சேர்க்கவில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. துக்கத்துக்கு அடியில் சந்தோஷத்தை எழுதக் கூடாது. கடல் வந்த டிசம்பர் இருபத்தாறுக்கு முதலாவது வருஷம் வந்தபோது, அந்த அட்டையில் முன்னமே இருந்த இரண்டு வரியையும் மிஸ் வெட்டிவிட்டார். பலகையில் ஒரு வரி மட்டும் எழுதினேன். மீதி கறுப்பாகவே இருந்தது. அன்றைக்கு ஒருவரும் பலகையில் சாயவில்லை.

இனி பெரிய பிழை.

சந்திரகாந்தி என்று ஒரு பெண். என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம், தேயிலையும் ரப்பரும் கலந்தது. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ரப்பர் வெட்டப் போன இடத்தில் மலையிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பு அடிபட்டது. அதற்குப் பிறகு மேட்டில் ஏற முடியாது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் பதிலாளாக நின்றாள். நான்கு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு அந்த வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கிறோம் என்று விண்ணப்பம் கேட்டார்கள். ஜூலை இருபதாம் திகதி கடைசி நாள். அன்றைக்கு நாற்பது வயது பூர்த்தியாகாதவராக இருக்க வேண்டும். கிடைத்தால் பிள்ளைக் காம்பரா. கிடைக்காவிட்டால் மறுபடி மலை. மலை அவளால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் சந்திரகாந்திக்குப் பிறந்த தேதி இல்லை. தோட்டத்தில் அது பெரிய அதிசயம் இல்லை. அவளுடைய அப்பா பதியப் போகிறேன், போகிறேன் என்று சொல்லியே காலத்தைக் கழித்தவர். அடையாள அட்டையில் வருஷம் மட்டும் இருந்தது. மாதமும் நாளும் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. “நிலாவுல மனுசன் எறங்குன அன்னைக்கித்தான் நீ பொறந்த” என்று அவள் அம்மா செல்லாயி சொல்வார். பெயரும் அதனால்தான் வந்தது. சத்தியக் கடதாசி எழுதித் தருகிற சமாதான நீதவான், “அப்படின்னா அந்தத் தேதிய லைப்ரரில கேட்டுக்கிட்டு வாம்மா” என்று அனுப்பியிருக்கிறார்.

அவள் வந்து கேட்டபோது மிஸ் உள்ளே இருந்தார். நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஜூலை இருபது. வருஷா வருஷம் நானே எழுதிய வரி. ஒரு துண்டில் அழகாக எழுதிக் கொடுத்தேன். கீழே ஒரு கோடும் போட்டேன்.

துண்டு சத்தியக் கடதாசியாகியது. அதை விண்ணப்பம் எடுக்கிற காரியாலயத்தில் நீட்டியதும் அங்கிருந்த கிளார்க் விரல் விட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார். கடைசி நாளன்றே நாற்பது பூர்த்தி. ஒரு நாள் கூடிப்போயிற்று. விண்ணப்பப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள், வியாழக்கிழமை, தாயும் மகளும் நூலகத்துக்கு வந்தார்கள். மகள் அழுதுகொண்டிருந்தாள். தாய் அழவில்லை. பலகைக்கு முன்னால் நின்று, அது ஏதோ ஆள் என்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“தம்பி, இவள பெத்தது நானா, இந்தப் பலகையா?”

நான் கையிலிருந்த சோக்கைக் கீழே வைத்தேன்.

“நான்தான் பெத்தேன். வலிச்சது எனக்கு. பலகைக்கு வலிச்சிச்சா?”

“அம்மா, சும்மா இரும்மா” என்றாள் சந்திரகாந்தி. “அண்ணே, இதுல ஏதாச்சும் செய்ய முடியாதாண்ணே? ஒரு நாள்தானே?”

செல்லாயி நிறுத்தவில்லை. “காலையில பெரட்டுக்கு வயித்த தூக்கிக்கிட்டு நானே போனேன். கணக்கப்புள்ள பேரு கூப்பிட்டு முடிச்சிட்டு சொன்னாரு, ரேடியோவுல சொல்லிட்டாங்க, நிலாவுல எறங்கிட்டானுக, ஆனா கதவு இன்னும் தொறக்கலன்னு. எல்லாரும் மேல பாத்தோம். ஒண்ணும் தெரியல. அப்ப புடிச்ச வலி. மத்தியானம் கொழுந்து நிறுக்கயில கதவ தொறந்து நடந்துட்டானுகன்னு பேச்சு. அதுக்குள்ள இவளும் வெளிய வந்துட்டா.”

பெரட்டு என்பது காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இடறியது. கடைசிப் பக்கங்களில் பழைய ஆண்டுகளின் நாட்காட்டி போட்ட ஒரு தடித்த புத்தகம் எங்களிடம் உண்டு. எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது ஜூலை இருபது ஞாயிற்றுக்கிழமை.

மிஸ்ஸிடம் போய்ச் சொல்லத் துணிவில்லை. ஒரு துண்டில் எழுதி மேசையில் வைத்தேன்: ‘மிஸ், ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை.’

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இது என்ன தாஸ், விடுகதயா?”

மரியதாஸ் என்பது என் பெயர். மிஸ்ஸுக்குப் பாதி போதும். நான் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

“ரெண்டு புத்தகத்துல பாத்து நான் எழுதின அட்ட அது. நாப்பது வருசத்துக்கு முந்தி பெரட்டுல கேட்ட பேச்ச வெச்சி அத மாத்தச் சொல்றீங்களா?”

நான் மேசைக்கு முன்னாலிருந்து நகரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வாதம் அதுதான்.

என்னைப் பார்த்துவிட்டு மிஸ் எழுந்து வெளியே வந்தார். செல்லாயியைக் கதிரையில் உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கேட்டு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

“கதவு தொறக்கலன்னா சொன்னாங்க? நல்லா ஞாபகமா?”

“கதவு தொறக்காம என்னத்துக்கு அவ்வளவு தூரம் போனானுகன்னு கங்காணி கேட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். ஞாபகமில்லாம இருக்குமா?”

மிஸ் அந்த இரண்டு புத்தகத்தையும் எடுத்துவரச் சொன்னார். முதல் பக்கத்தைத் திருப்பி எங்கே அச்சடித்தது என்று பார்த்தார். இரண்டும் அமெரிக்கா. பிறகு யாரும் தொடாத மேல் தட்டிலிருந்து ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகத்தை என்னை ஏணியில் ஏற்றி இறக்கினார். அதில் இறங்கிய நேரமும் நடந்த நேரமும் கிரீன்விச் கணக்கில் இருந்தன. பென்சிலால் ஐந்தரை மணி நேரம் கூட்டினார். மறுபடி கூட்டினார். மூன்றாவது தடவை என்னைக் கூட்டச் சொன்னார். ஐந்தாம் வகுப்புக் கூட்டலிலும் அதே விடைதான் வந்தது.

நிலாவில் இறங்கியது நம் நேரப்படி திங்கட்கிழமை அதிகாலை, இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன். கதவைத் திறந்து நிலத்தில் கால் வைத்தது காலை எட்டரை மணியளவில். ஆறு மணிப் பெரட்டில் நிற்கிற ஆளுக்கு, இறங்கிவிட்டார்கள், கதவு இன்னும் திறக்கவில்லை என்று செய்தி கிடைக்கக்கூடிய காலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஜூலை இருபத்தொன்று, திங்கட்கிழமை.

மிஸ் அமெரிக்கப் புத்தகம் இரண்டையும் மூடி, அட்டையை அவற்றின் மேல் வைத்தார்.

“ரெண்டு சாட்சியும் ஒரே வீடு, தாஸ்” என்றார். “பேக்கரி முதலாளிக்குத் தெரிய வந்தா என்ட கதி என்ன?”

வெள்ளிக்கிழமை மிஸ் கடிதம் டைப் பண்ணினார். எங்கள் பலகையில் இத்தனை வருஷம் எழுதியது அமெரிக்கத் தேதி என்றும், இலங்கை நேரப்படி அது இருபத்தொன்றாம் திகதி என்றும், தவறு நூலகத்துடையது என்றும். ‘தவறு’ என்ற சொல் வந்த இடத்தில் மூன்று தாள் வீணாகியது. அவருடைய விரல்களுக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. முத்திரை குத்தி என்னிடம் நீட்டினார்.

“நீங்களே கொண்டு போங்க. பெரட்ட பத்தி அவர் கேட்டா பதில் சொல்ல எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத்தான் தெரியும்.”

சமாதான நீதவான் நாலந்தாவில் இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. மகளைப் பார்க்க வில்கமுவ போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். வில்கமுவவிலிருந்து பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது. திங்கட்கிழமைதான் இருபதாம் திகதி. காரியாலயத்தில் மூன்று மணி வரைதான் பாரம் எடுப்பார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே நாங்கள் மூவரும் அவர் வீட்டுக் கேற்றடியில் நின்றோம். பத்தாகியது. பதினொன்றாகியது. செல்லாயி வெற்றிலையை முடித்துவிட்டுப் பாக்கை மட்டும் மென்றார். சந்திரகாந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தாள். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஐயா ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால், மடியில் பூசணிக்காயோடு வந்து இறங்கினார்.

கடிதத்தை நின்றபடியே வாசித்தார்.

“மிஸ்ஸா தவறுன்னு எழுதியிருக்காங்க? இந்தக் கடுதாசிய பிரேம் போட்டு வைக்கணும்.” பிறகு முகம் மாறியது. “ஆனா ஒலகமே இருபதுன்னு சொல்லுது. போன வாரம் இருபதுன்னு நானே கையெழுத்து வெச்சேன். இப்ப வயசு எல்லைய தாண்டுதுன்னதும் இருபத்தொண்ணுன்னு வந்து நிக்கிறீங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்ல?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பாடமாக்கியது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“ஞாயித்துக்கெழம பெரட்டு இல்லீங்க ஐயா” என்றேன்.

“ஏன், ஞாயித்துக்கெழம கைக்காசுக்கு கொழுந்தெடுக்க போறதில்லையா? நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுத்தவன்தான்.”

“போவாங்க ஐயா. அதுக்கு பேரு கூப்பிட மாட்டாங்க. நேரா மலைக்குப் போயி எடுத்து நிறுத்துட்டு வர்றதுதான். அவங்க பேரு கூப்பிட்ட பெறகு சொன்னாருன்னு சொல்றாங்க. அப்ப திங்கக்கெழமதான். செவ்வாக்கெழமயா இருந்தா கதவு தொறந்தாச்சு. புத்தகத்துல இருக்குங்க. அவங்க புத்தகம் படிச்சதில்ல. புத்தகம் எழுதினவரு பெரட்டுக்கு வந்ததில்ல. ரெண்டும் ஒரே வீட்டு சாட்சி இல்லீங்க.”

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். கல்யாணத்தில்கூட நான் சம்மதம் என்று சொன்னது பங்குச் சுவாமிக்குக் கேட்கவில்லை, இரண்டாம் முறை கேட்டார்.

ஐயா பூசணிக்காயைக் கீழே வைத்தார். செல்லாயியைப் பார்த்து, “எத்தன மணிக்குப் பொறந்தா?” என்றார்.

“எங்க வீட்டுல மணிக்கூடு ஏதுங்க. பத்து மணித் தேத்தண்ணிக்கு முந்தி.”

“எந்தப் பக்கம் தலை?”

“தலைதான் முந்தி வந்திச்சு. வேற எது வரும்?”

ஐயா சிரித்துவிட்டார். உள்ளே போய் டைப்ரைட்டரின் உறையைக் கழற்றினார். பழைய கடதாசியில் குறுக்கே கோடு போட்டு, புதியது அடித்து, செல்லாயியின் பெருவிரலை மையில் தொட்டுவைத்துவிட்டு, தானும் கையெழுத்து வைத்தார். அப்போது ஒன்றே முக்கால்.

காரியாலயத்துக்குள் நுழையும்போது இரண்டு நாற்பது. அதே கிளார்க். பழைய கடதாசியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மிஸ்ஸின் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். எழுந்து போய் உள்ளே இருந்த பெரியவரிடம் காட்டினார். திரும்பி வரும்போது இரண்டு ஐம்பத்திரண்டு. சுவர் மணிக்கூட்டைத் தவிர நான் வேறொன்றையும் பார்க்கவில்லை.

“நாளைக்கு நாப்பதா?” என்று சந்திரகாந்தியைக் கேட்டார்.

“ஆமாங்க.”

“நாளைக்கு வந்திருந்தா எடுத்திருக்க மாட்டேன்.”

செல்லாயி குறுக்கே புகுந்தார். “நாளைக்குத்தாங்க இவ நாப்பது வயசுக்காரி. இன்னைக்கு சின்னப் புள்ள.”

கிளார்க் முத்திரையைக் குத்தினார்.

நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். வேலை கிடைத்தது. பிள்ளைக் காம்பரா சமதரையில் இருக்கிறது, மூன்று படிதான். மிஸ் ஓய்வு பெற்று மாத்தளையில் இருக்கிறார். இதை வாசிப்பார், குடையைத் தேடுவார். செல்லாயி இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். இறந்த தேதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அன்றைக்கே பதிந்தாகிவிட்டது. சந்திரகாந்தி இன்னும் பிள்ளைக் காம்பராவில்தான் வேலை செய்கிறாள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். குழந்தையைச் சேர்க்க வந்திருந்தாள். சந்திரகாந்தி பெரிய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“பொறந்த சர்டிபிகட் எடுத்தாச்சா?”

“இன்னும் இல்லக்கா. இவரு பதியப் போறேன், போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு.”

சந்திரகாந்தி பேனையை மூடி வைத்தாள். குழந்தையைக் கையில் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“புள்ள இங்க இருக்கட்டும். நீ போயி அவர கையோட கூட்டிக்கிட்டு இன்னைக்கே பதிஞ்சிட்டு வா. நாளைக்குன்னு சொன்னா புள்ளய குடுக்க மாட்டேன்.”